பேரூராட்சி ஆனால் எங்கள் ஓடை சரியாகுமா?

வடலிவிளை (இழை தொடங்கியவர்)

உவரிக்கும் கூடங்குளத்துக்கும் நடுவே உள்ள ஒரு கரையோர ஊராட்சியில் இருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு ஆட்களைப் பற்றிப் போய்விடும். எனக்கு ஓடையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இருபது வருடத்துக்கு முன்னால் கடற்கரைக் குடியிருப்புக்கும் மேட்டுச் சாலைக்கும் இடையே முழுக்கப் பனைவிளை. இப்போது அதே இடத்தில் மூன்று நகர்கள். பம்பாயில் இருந்து திரும்பியவர்கள், வளைகுடாவில் சம்பாதித்து வீடு கட்டியவர்கள், அணுமின் நிலைய வேலைக்காக வாடகைக்கு வந்தவர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறோம். நானும் 2018-இல் வீடு கட்டிக் குடிவந்தவன். மூன்று நகர்களுக்கும் வடிகால் கிடையாது. குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் தெருவோரக் குழியில் விழுந்து, பழைய மழை ஓடையைப் பிடித்து, கடற்கரையில் வள்ளங்களை ஏற்றி வைக்கும் இடத்துக்குப் போய்ச் சேருகிறது. மணல் திட்டு அடைத்துக்கொள்வதால் கடலுக்குள்ளும் போகாது. அங்கேயே கறுத்துக் கிடக்கிறது.

இது எனக்குப் போன ஜனவரி 26 வரை தெரியாது. ஏழெட்டு வருடமாக அந்த ஊரில் குடியிருக்கிறேன், ஓடை எங்கே முடிகிறது என்று ஒரு நாள்கூட நடந்து போய்ப் பார்த்ததில்லை. குடியரசு நாள் கிராம சபைக்கு முதல் தடவையாகப் போனேன். கடற்கரைத் தெருவில் இருந்து வந்த ஒரு அம்மா, ஒரு தண்ணீர் பாட்டிலில் ஓடைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். “இது மேட்டு வீடுகளில் இருந்து எங்களுக்கு வருகிற தண்ணீர். எங்கள் வலை இதில்தான் கிடக்கிறது” என்றார். மூன்று நகர்களில் இருந்தும் வந்திருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து நகர் நலச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் எழுதினேன். வந்த பதில்களில் பாதி, “ஊராட்சியை நம்பினால் ஒன்றும் நடக்காது, பேரூராட்சி ஆக்கச் சொல்லி மனுக் கொடுப்போம், அப்புறம் பாதாளச் சாக்கடையே வந்துவிடும்” என்பதுதான். மீதிப் பேர் கடற்கரையில் கருவாடு காயப்போடும் நாற்றத்தைப் பற்றி எழுதினார்கள். மனுவில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடுவதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இங்கே எழுதுகிறேன். பேரூராட்சி ஆனால் உண்மையிலேயே ஓடை சரியாகுமா?

---

கரைமடி

அண்ணாச்சி, நீங்கள் சொல்லும் ஊர் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எங்கள் ஊராக இல்லாவிட்டாலும் பக்கத்து ஊராக இருக்கும். நான் கடற்கரைத் தெருக்காரன். அப்பா இன்றும் தொழிலுக்குப் போகிறார்.

கருவாட்டு நாற்றம் என்று எழுதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மணலில் எங்கள் பாட்டிமார் காலத்தில் இருந்து சாளை காய்கிறது. மனை வாங்கும்போது கடல் தெரிகிறது என்று சொல்லித்தான் வாங்கியிருப்பார்கள். கடல் தெரிகிற இடத்தில் கடல்காரனும் தெரிவான். எங்கள் பிள்ளைகள் கால் சொறியோடு நிற்பது அந்த ஓடைத் தண்ணீரில் மிதித்துத்தான். ஆனி ஆடியில் கடல் ஏறிவரும்போது வள்ளத்தை மேலே இழுத்து வைக்க இருக்கிற ஒரே இடமும் அதுதான். கடல் ஒரு பக்கம் அரிக்கிறது, சாக்கடை மறுபக்கம் தேங்குகிறது. நடுவில் இருபது முப்பது அடி மணல்தான் எங்களுக்கு மிச்சம்.

பேரூராட்சி விஷயத்தில் எனக்கு வேறு பயம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியில், நகர எல்லைக்குள் நெருக்கமாகக் கட்டப்பட்ட கரை இரண்டாவது வகை. ஊரகக் கரை மூன்றாவது வகை. இரண்டாவது வகையில் ஏற்கெனவே இருக்கிற சாலைக்கு நிலப்பக்கமாகக் கட்டடம் கட்டிக்கொள்ளலாம். மூன்றாவது வகையில் கட்டக் கூடாத எல்லை என்று ஒன்று உண்டு. அதையும் 2019 அறிவிப்பில் மக்கள் நெருக்கம் அதிகமுள்ள ஊரகக் கரைகளுக்கு 200 மீட்டரில் இருந்து 50 மீட்டராகக் குறைத்தார்கள். ஊர் பேரூராட்சி ஆன மறுநாளே வகை மாறிவிடாது, அது எனக்குத் தெரியும். ஆனால் வகையை மாற்றுங்கள் என்று கேட்பதற்கு அது முதல் படி. வலை காய்கிற இடம் எங்கள் பெயரில் பட்டா இல்லை, புறம்போக்கு. விடுதி கட்டுகிறவன் கண்ணுக்கு அது காலி இடம்.

---

ஓய்வுபெற்ற செயலர்

ஊராட்சிச் செயலராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் என்பதால் சில விவரங்களைச் சொல்கிறேன். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

கிராம ஊராட்சியில் தலைவரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். கட்சிச் சின்னம் கிடையாது. பேரூராட்சியில் வார்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்போம், அவர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கட்சி உண்டு. அன்றாட நிர்வாகத்துக்குச் செயல் அலுவலர் வருவார். கிராம சபை இருக்காது. 2022-இல் நகர்ப்புறங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை என்று விதி கொண்டுவந்தார்கள், ஆனால் 1994 ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்திருக்கும் இடம் வேறு. ஊராட்சியின் வரவு செலவை மொத்த ஊரும் உட்கார்ந்து கேட்கலாம். அந்த அம்மா மேசையில் பாட்டிலை வைக்க முடிந்தது அதனால்தான்.

அடுத்து, நூறு நாள் வேலை பேரூராட்சியில் கிடையாது. மேட்டு நகர்களில் யாருக்கும் இது பெரிதாகத் தெரியாது. கீழே விதவைப் பெண்கள், பனையேற்று நின்றுபோன குடும்பங்கள் எத்தனை அதை நம்பி இருக்கின்றன என்று ஒரு கணக்கு எடுத்துவிட்டு மனு எழுதுங்கள். 2025 தொடக்கத்தில் 149 ஊராட்சிகளை மாநகராட்சிகளோடு சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது, பல ஊர்களில் மறியல் வரை போனது இதற்காகவும் வரிக்காகவும்தான். வரி என்றால், 2022-இல் பேரூராட்சிகளில் வீட்டின் பரப்பைப் பார்த்து 25 முதல் 100 சதவீதம் வரை சொத்து வரியை உயர்த்தினார்கள்.

பாதாளச் சாக்கடை வருமா என்று கேட்டீர்கள். சுற்று வட்டாரத்தில் பேரூராட்சியாகப் பல வருடம் இருக்கும் ஊர்களுக்கு ஒரு நாள் போய்த் தெருவைப் பாருங்கள். திறந்த வாறுகால்தான் ஓடுகிறது. எல்லைப் பலகை மாறியதற்காகக் குழாய் வந்துவிடாது.

---

தாராவி நெல்லை

நான் தாராவியில் இருக்கிறேன். அந்த நகர்களில் ஒன்றில் எனக்கும் ஒரு மனை உண்டு. உண்மையாகச் சொல்கிறேன், மனை வாங்கும்போது தண்ணீர் நல்ல தண்ணீரா என்று கேட்டேன், சாலை எத்தனை அடி என்று கேட்டேன். கழிவுத் தண்ணீர் எங்கே போகும் என்று நானும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. இங்கே பத்துக்குப் பத்து அறையில் இருந்துகொண்டு, வாசலில் ஓடுகிற சாக்கடையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன எனக்கே அது தோன்றவில்லை. கடற்கரைத் தெரு அம்மாவிடம் யாராவது சொல்லுங்கள், நான் வீடு கட்டும்போது அந்தத் தண்ணீர் என் மனையைத் தாண்டி வெளியே போகாது.

---

பனைநார்

நான் வார்டு உறுப்பினர். மகளிர் குழுவிலும் இருக்கிறேன். வடலிவிளை அண்ணனுக்கு என் பதில்.

எங்கள் ஊரிலும் இதே பிரச்சினை இருந்தது, அளவு சின்னது. கடற்கரையில் ஊர்க் கமிட்டி சொல்வதுதான் சட்டம். கோயில் மணி அடித்தால் வீட்டுக்கு ஒரு ஆண் வந்து நிற்பார். மீன் ஏலத்தில் ஊர்ப் பங்கு பிடிப்பது, திருவிழா, வலைச் சண்டை, எல்லாம் அங்கே முடியும். பெண்களுக்கு அங்கே இடம் கிடையாது. அதனால் ஆண்கள் கமிட்டியோடு நின்றுவிடுவார்கள், ஊராட்சி அவர்களுக்கு இரண்டாம் பட்சம். மேட்டு நகர் ஆட்கள் அவரவர் நலச் சங்கத்தோடு நின்றுவிடுவார்கள். கிராம சபை நடுவில் அநாதையாகக் கிடக்கும். நாங்கள் பெண்கள்தான் போனோம், வேறு போக இடம் இல்லாததால். 2016 சட்டத்தில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆன பிறகு, 2021 அக்டோபரில் நம் மாவட்டத்தில் தேர்தல் நடந்தபோது, நானும் அப்படித்தான் நின்றேன்.

எங்கள் ஊராட்சியில் மூவாயிரத்துக்கு மேல் மக்கள். விதிப்படி கிராம சபைக்கு 200 பேர் வர வேண்டும். முன்பெல்லாம் நாற்பது பேர் வருவார்கள், மீதிக் கையெழுத்து வீடு வீடாகப் போய் வாங்கப்படும். நான் வந்த பிறகு அந்த நோட்டைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு சபை கூடாமலே கலைந்தது. அன்று என்னைத் திட்டாதவர்கள் இல்லை. ஆனால் அடுத்த சபைக்கு ஆள் வந்தது.

ஓடைக்கு நாங்கள் செய்தது உறிஞ்சுகுழி. வீட்டுக்கு ஒன்று, குழாயடியில் பொதுவாக ஒன்று. சிமெண்டு உறை இறக்கி, அடியில் உடைகல்லும் செங்கல் துண்டும் போட்டு, மேலே மூடி. குளியல், சமையல் தண்ணீர் மட்டும்தான் அதில் விட வேண்டும், கழிப்பறைத் தண்ணீர் கூடவே கூடாது. சமையல் தண்ணீர் நேராக விழுந்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஆறு மாதத்தில் அடைத்துவிடும், அதனால் முன்னால் ஒரு சின்னத் தொட்டி கட்டி அதில் படியவிட வேண்டும். இதை முதலில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் போட்ட பதினோரு குழியும் அடைத்து, மறுபடி தோண்டினோம். எங்கள் பக்கத்துச் செம்மணலான தேரி மண் தண்ணீரை நன்றாகக் குடிக்கும், ஆனால் பிசுக்கைக் குடிக்காது.

---

கரைமடி

அக்கா, மேட்டில் அது சரி. எங்கள் தெருவில் மூன்று நான்கு அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். அங்கே உறிஞ்சுகுழி போட்டால் நிலத்தடித் தண்ணீரிலேயே நேராகக் கலந்துவிடும். எங்களுக்கு இருக்கிற ரெண்டு நல்ல தண்ணீர்க் கிணறும் அந்த மணலில்தான் இருக்கின்றன. ஏற்கெனவே திசையன்விளை, ராதாபுரம் பக்கம் ஆழ்குழாய்க் கிணறு போட்டுப் போட்டு உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது.

---

பனைநார்

நீங்கள் சொல்வது சரிதான் தம்பி. கடற்கரைத் தெருவில் போடக் கூடாது. எங்கள் ஊரில் கரை கொஞ்சம் உயரம், அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். மேட்டில் எல்லா வீட்டிலும் போட்டால் கீழே வருகிற தண்ணீர் பெருமளவு குறையும். மிச்சத்துக்கு ஓடையின் நடுவில் எங்காவது ஓர் இடம் வேண்டும், கல்வாழை, நாணல் நட்டு வடியவிட.

---

ஓய்வுபெற்ற செயலர்

அந்த இடம் ஏற்கெனவே இருக்கக்கூடும் என்பதை வடலிவிளை கவனிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால் சாலைகளை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளியாக விட்டு, அதையும் தானப் பத்திரத்தில் ஒப்படைக்க வேண்டும். வரைபடத்தில் “பூங்கா” என்று பச்சை அடித்திருப்பார்கள். பல ஊர்களில் வரைபடத்தில் பூங்கா இருக்கும், பத்திரம் பதிவாகியிருக்காது. பத்து வருடம் கழித்து அந்த இடத்தில் வீடு நிற்கும்.

முதலில் ஊராட்சி அலுவலகத்தில் மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் கேளுங்கள். பிறகு அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டு, ஊராட்சிப் பெயருக்குத் தானப் பத்திரம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் இடம் ஊருடையது. கிராம சபையில் தீர்மானம் போட்டு வேலை தொடங்கலாம். பணம் இல்லை என்பார்கள். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கான ஊரக மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டி வைத்தது. அந்தத் தலைப்பில் உங்கள் ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று சபையில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

---

காயல்கரை

நான் தூத்துக்குடி மாவட்டம், நகராட்சி எல்லைக்குள் இருக்கிறேன். எல்லாரும் ஒரே சீமைதான், 1986-இல் மாவட்டம் பிரிந்ததால் கோடு விழுந்தது.

நகராட்சியாக இருந்தால் தண்ணீர் வடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு 2023 டிசம்பரை ஞாபகப்படுத்துகிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. அப்படி ஒரு மழையை எந்த வடிகாலும் தாங்காது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மழை நின்ற பிறகும் தண்ணீர் எங்கே நின்றது என்பதைப் பார்த்தேன். பழைய ஓடையை மறித்து மனை போட்ட இடங்களில்தான் நாள் கணக்காக நின்றது. எங்கள் தெருவில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், மாடியில் நின்று, “அந்த வீட்டுக்குக் கீழேதான் ஓடை” என்று விரலை நீட்டிக் காட்டினார். வரைபடத்தில் அது இல்லை. நீங்கள் ஓடையைச் சாக்கடையாக மட்டும் பார்க்காதீர்கள். அது மழைத் தண்ணீரின் வழி. அதன் அகலத்தை இப்போதே அளந்து எழுதி வையுங்கள்.

இன்னொன்று. எங்கள் மாவட்டத்து ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது, 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பில் போயின. என் மாமியார் ஊரில் தெருவிளக்குக்குக்கூட ஒன்றிய அலுவலகம் வரை போக வேண்டியிருந்தது. உங்கள் பக்கம் 2021 அக்டோபரில் வந்தவர்கள் என்பதால் 2026 அக்டோபர் வரை இருக்கிறார்கள். அதற்குள் தீர்மானம் எழுதி வாங்கிவிடுங்கள். ஓட்டுப் போட்ட தலைவரிடம் கேட்பது போல அலுவலரிடம் கேட்க முடியாது.

---

வடலிவிளை

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை. போட்டவர்களோடு சண்டையும் போடவில்லை. நூறு நாள் வேலை, வரி, சபை பற்றி இங்கே படித்ததைக் குழுவில் எழுதினேன். இரண்டு பேர் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய்விட்டார். நாளை நேரில் போய்ப் பார்க்க வேண்டும், நல்ல மனிதர்.

வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். மூன்று நகர்களில் ஒன்றுக்குச் சாலை, பூங்கா இரண்டும் ஊராட்சிப் பெயரில் இருக்கின்றன. பூங்கா இடம் ஓடைக்கரையிலேயே வருகிறது, இருபத்தெட்டு சென்ட். அதில் இப்போது உடைமரமும் குப்பையும்தான். இன்னொரு நகரில் சாலைக்கு மட்டும் பத்திரம் இருக்கிறது. நான் வாங்கிய நகருக்கு இரண்டுமே இல்லை. 2016-க்கு முன்பே விற்ற மனைகள், பிறகு வரன்முறைப்படுத்தியவை. என் வீட்டு வாசல் சாலை இன்னும் மனைப்பிரிவு போட்டவர் பெயரிலேயே இருக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

நேற்றுச் சாயங்காலம் ஓடையோடு நடந்து கடற்கரை வரை போனேன். என் வீட்டில் இருந்து பதினைந்து நிமிடம். அந்த அம்மா வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்லி, மருமகளிடம் கருப்பட்டிக் காப்பி போடச் சொன்னார். ஓடை பற்றி நான் பேச ஆரம்பிக்கும் முன்னால் அவர் கேட்டது, “உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?” என்றுதான். குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறது என்றேன். அவர்கள் தெருவில் ஒரு நாள்தானாம். அதுவும் எனக்குத் தெரியாது.

---

கரைமடி

அண்ணாச்சி, அது எங்கள் ஊர்தான். நீங்கள் காப்பி குடித்தது என் பெரியம்மா வீட்டில். நேற்று ராத்திரியே சொன்னார்கள்.

கமிட்டியில் பேசியாயிற்று. மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபைக்கு மணி அடித்து ஆள் கூட்டுவதாக ஒத்துக்கொண்டார்கள், பெண்களும் சேர்த்து. கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவு பற்றியும் அன்று பேச வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அதை இதோடு சேர்க்க வேண்டாம் என்றேன். ஒரு ஊரில் கல் போட்டால் அடுத்த ஊரில் மணல் அரிக்கும், அதை நம் ஊராட்சி மட்டும் தீர்மானிக்க முடியாது, இரண்டு பக்கத்து ஊர்களையும் வைத்துப் பேச வேண்டிய விஷயம். முதலில் ஓடை.

காயல்கரை அண்ணன் சொன்ன அகலம் அளப்பதை வருகிற ஞாயிறே செய்துவிடலாம். சனி இரவு தொழிலுக்குப் போவதில்லை, அதனால் ஆள் இருப்பார்கள். மேட்டுச் சாலைப் பாலத்தில் தொடங்கிக் கீழே வருவோம். நூறு அடி நாடா என்னிடம் இருக்கிறது. எட்டரைக்குப் பூசை, ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். உங்கள் நகரில் பழைய ஆள் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், பனைவிளையாக இருந்தபோது ஓடை எந்தப் பக்கம் வளைந்தது என்று எங்கள் ஆட்களுக்குள்ளேயே இரண்டு பேச்சு இருக்கிறது.

---

வடலிவிளை

வருகிறேன் தம்பி. மனையாவதற்கு முன்னால் அந்த விளையில் பனையேறியவர் ஒருவர் இப்போது மகளோடு இரண்டாவது தெருவில் இருக்கிறார். கேட்டேன், வருகிறேன் என்றார். நடக்கச் சிரமப்படுவார், வண்டியில் கூட்டி வருகிறேன்.